மூலக்கூறு அல்ட்ராசவுண்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்ட்ராசவுண்டில் மூலக்கூறு தெரியுமா?

தெரியாது. 3 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் உடல் திசுவுக்குள் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஒரு புரதமோ சில நானோமீட்டர் அளவுதான். லட்சம் மடங்கு வித்தியாசம் இருக்கும்போது ஒலி அதைக் கண்டுகொள்ளாது. அதனால் அந்தப் புரதத்தில் ஒட்டி நிற்கும் வேறொன்றைத்தான் பார்க்கிறோம். அதுதான் வாயு நிரம்பிய நுண்குமிழி. குமிழியின் மேல்பரப்பில், தேடும் புரதத்தோடு மட்டும் இணையக்கூடிய பெப்டைடையோ (சிறு புரதத் துண்டு) ஆண்டிபாடியையோ பொருத்தி ரத்தத்தில் ஏற்றுவார்கள். அந்தப் புரதம் எங்கே இருக்கிறதோ அங்கே சில குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். மற்றவை சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். மிச்சம் நிற்பவற்றைத் திரையில் பார்க்கிறோம்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தத் துறையின் பாதிக் குழப்பம் தீரும். திரையில் ஒளிர்வது ‘இங்கே குமிழி நிற்கிறது’ என்பதை மட்டுமே சொல்லும். அது அந்தப் புரதத்தால்தான் நிற்கிறதா என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். கீழே வரும் செய்முறைகளில் பெரும்பாலானவை அதற்காகத்தான்.

மருத்துவமனையில் செய்யும் காண்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டும் இதுவும் ஒன்றா?

கருவியும் குமிழியும் உறவுக்காரர்கள், கேள்வி வேறு. ரத்தத்தில் வாயுக் குமிழி இருந்தால் எதிரொலி கூடும் என்பதை கிராமியாக், ஷா இருவரும் 1968-இல் இதய ஸ்கேனில் கவனித்து எழுதினார்கள். இன்று புழக்கத்தில் உள்ள ஆப்டிசான், டெஃபினிட்டி, சோனோவியூ, சோனசாய்டு ஆகியவை அதன் வாரிசுகள். இவை எந்தப் புரதத்தையும் குறிவைப்பதில்லை. ரத்தம் போகும் இடமெல்லாம் போய், ஓட்டத்தைக் காட்டும். கல்லீரல் கட்டிக்குள் ரத்தம் எப்போது நுழைகிறது, எப்போது வெளியேறுகிறது என்று பார்ப்பது இந்த வகை.

சோனசாய்டு சற்றே நடுவில் நிற்கிறது. கல்லீரலில் உள்ள குஃப்பர் செல்கள் இதை விழுங்கிவிடும். அந்தச் செல்கள் இல்லாத புற்றுப் பகுதி சில நிமிடங்கள் கழித்துக் கருப்பாகத் தெரியும். ஒட்டும் பொருள் எதுவும் பொருத்தாமலே கிடைக்கும் செல் அளவிலான தகவல் இது.

குமிழி எதனால் ஆனது? வெறும் காற்று போதாதா?

விட்டம் பெரும்பாலும் 1 முதல் 4 மைக்ரான். ரத்தச் சிவப்பணு 7 மைக்ரானுக்குச் சற்று மேல் என்பதால் நுண்ணிய தந்துகிகளிலும் குமிழி தடையின்றிப் போகும். வெளித்தோல் பாஸ்போலிப்பிடு, ஆல்புமின் அல்லது பாலிமர்; தடிமன் நானோமீட்டர் கணக்கு.

காற்று போட்டால் வேலைக்கு ஆகாது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் ரத்தத்தில் எளிதாகக் கரைவதால் குமிழி நொடிகளில் சுருங்கிக் காணாமல் போகும். அதனால் நீரில் மிகக் குறைவாகவே கரையும் கனமான வாயுக்களை அடைக்கிறார்கள்: சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு, ஆக்டாஃபுளோரோபுரோப்பேன், பெர்ஃபுளோரோபியூட்டேன். மூலக்கூறு ஸ்கேனில் குமிழி பத்து நிமிடமாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதால் வாயுத் தேர்வு இங்கே இன்னும் முக்கியம்.

இந்த அளவுள்ள குமிழிகளின் இயல்பான அதிர்வெண், மருத்துவ ஸ்கேனர்கள் பயன்படுத்தும் சில மெகாஹெர்ட்ஸ் வரம்புக்குள்ளேயே விழுகிறது. ஒலி பட்டதும் குமிழி சுருங்கி விரியும். சுருங்குவதும் விரிவதும் ஒரே அளவில் இல்லாததால் எதிரொலியில் மடங்கு அதிர்வெண்கள் கலந்து வரும். திசு அப்படி அதிகம் செய்யாது. தலைகீழாக்கிய இரண்டு துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி எதிரொலிகளைக் கூட்டினால் திசு பெரும்பாலும் ரத்தாகி, குமிழி மட்டும் மிஞ்சும். ‘பல்ஸ் இன்வர்ஷன்’ என்பது இதுதான்.

எந்த நோயையும் இப்படித் தேடலாமா?

இல்லை. குமிழி ரத்தக்குழாயை விட்டு வெளியே வராது. ஆகவே தேடும் புரதம் ரத்தக்குழாயின் உட்படலமான எண்டோதீலியத்தின் மேல், ரத்தம் படும் பக்கத்தில் இருக்க வேண்டும். அல்லது ரத்தக்கட்டியில் உள்ள பிளேட்லெட்டின் மேல் இருக்கலாம். புற்றுச் செல்லின் மேல் மட்டும் இருக்கும் புரதம் எவ்வளவு சிறப்பான அடையாளமானாலும் நுண்குமிழிக்குப் பயனில்லை.

இந்த எல்லைக்குள்ளும் விஷயம் நிறைய இருக்கிறது. கட்டி வளர ரத்தக்குழாய்கள் முளைக்கும்போது விஈஜிஎஃப்ஆர்-2 ஏற்பி கூடும். இதற்கு கேடிஆர் என்றும் பெயர். அதே வேளையில் ஆல்ஃபா-வி பீட்டா-3 இன்டெக்ரினும் கூடும். அழற்சியில் பி-செலக்டின், இ-செலக்டின், ஐகேம்-1, வீகேம்-1 ஆகிய ஒட்டும் புரதங்கள் மேலெழும். இதயத் தசைக்கு ரத்தம் சிறிது நேரம் தடைபட்டுத் திரும்பினாலும் செலக்டின்கள் சில மணி நேரம் எண்டோதீலியத்தில் தங்கும். நெஞ்சுவலி நின்ற பிறகு வரும் நோயாளியிடம் எந்தத் தசைப் பகுதி பாதிக்கப்பட்டது என்று கண்டறிய இதைப் பயன்படுத்தலாம் என்பது இத்துறையின் பழைய, இன்னும் உயிரோடிருக்கும் கனவுகளில் ஒன்று. ஐகேம்-1-ஐக் குறிவைத்த குமிழிகள் தூண்டப்பட்ட எண்டோதீலியச் செல்களில் ஒட்டுவதை வில்லனுவேவா குழு 1998-இல் காட்டியது.

ஒட்டும் பொருளைக் குமிழியில் எப்படிப் பொருத்துகிறார்கள்?

மூன்று வழிகள். விலங்கு ஆய்வில் அதிகம் பயன்படுவது பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் பாலம். குமிழித் தோலில் பயோட்டின், அதன் மேல் ஸ்ட்ரெப்டாவிடின், அதன் மேல் பயோட்டின் இணைத்த ஆண்டிபாடி. எந்த ஆண்டிபாடியையும் ஒரே நாளில் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் ஸ்ட்ரெப்டாவிடின் பாக்டீரியாப் புரதம். மனித உடல் அதை எதிர்க்கும். ஆகவே இந்த வழி எலியோடு நின்றுவிடும்.

இரண்டாவது, தோலில் உள்ள லிப்பிடின் நுனியில் மாலிமைடு வைத்து, பெப்டைடில் உள்ள தயால் தொகுதியோடு நேரடியாகப் பிணைப்பது. மூன்றாவது, பெப்டைடை முன்பே ஒரு லிப்பிடோடு சேர்த்துவிட்டு, குமிழி செய்யும்போதே தோலில் ஓர் உறுப்பாகக் கலப்பது. பிராக்கோ நிறுவனத்தின் பிஆர்55 இந்த வகை; கேடிஆரைக் குறிவைக்கிறது. மனிதர்களுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் முதல் நாளிலிருந்தே இரண்டாவது அல்லது மூன்றாவது வழியில் தொடங்குவது நல்லது. பயோட்டினில் கிடைத்த நல்ல முடிவு, வேதியியலை மாற்றியதும் அப்படியே வரும் என்று நம்பக்கூடாது.

ஆய்வகத்தில் குமிழி செய்வது எப்படி?

லிப்பிடுக் குமிழிக்கான வழக்கமான முறை இது. டிஎஸ்பிசி, டிஎஸ்பிஇ-பெக்2000 என்ற இரண்டு லிப்பிடுகளையும் மோல் கணக்கில் 9:1 விகிதத்தில் எடுத்து, ஒரு மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரும்படி உப்புநீர், புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரால் கலவையில் கரைக்க வேண்டும். டிஎஸ்பிசி ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸில்தான் இளகும். அதற்கு மேல் சூடாக்கி, கலவை தெளியும்வரை, ஒலியால் அதிர வைக்கும் சானிகேட்டர் தொட்டியில் வைக்கவும். கலங்கலாக இருக்கும்போதே அடுத்த படிக்குப் போவதுதான் எண்ணிக்கை குறைவாக வருவதற்கு முதல் காரணம்.

2 மில்லிலிட்டர் குப்பியில் பாதிக்குச் சற்று மேல் கரைசலை ஊற்றி, ரப்பர் மூடி போட்டு, மேலே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பெர்ஃபுளோரோபியூட்டேனை நிரப்பவும். பிறகு குலுக்கும் இயந்திரத்தில் 45 நொடி. பல் மருத்துவர்கள் பல்லடைக்கும் கலவையைக் குலுக்கும் அதே இயந்திரம்தான். குப்பி சூடாகி, பால்போல் வெளுத்து வெளியே வரும். அறை வெப்பத்துக்கு ஆறும்வரை தொடாதீர்கள்.

இப்போது கழுவ வேண்டும். குமிழி மிதக்கும் என்பதால் வழக்கமான சென்ட்ரிஃபியூஜ் பழக்கம் இங்கே தலைகீழ்: வேண்டியது மேலே திரளும், கழிக்க வேண்டியது கீழே நிற்கும். ஊசிக்குழலையே நுனி கீழே பார்க்கும்படி வைத்து மெதுவான வேகத்தில் சுற்றி, அடித் திரவத்தை வெளியேற்றிவிட்டு, மேலே நிற்கும் வெள்ளைப் படலத்தைப் புதிய உப்புநீரில் கலக்கவும். ஆண்டிபாடி சேர்த்த பிறகும் இதே கழுவல் கட்டாயம். ஒட்டாமல் கரைசலில் மிதக்கும் ஆண்டிபாடி உடலுக்குள் போனால், குமிழிக்கு முன்பே ஓடிப்போய் ஏற்பிகளை நிரப்பிவிடும். அப்போது திரையில் ஒன்றும் தெரியாது. தவறு எங்கே என்றும் தெரியாது.

கடைசியாக, துகள்களை எண்ணும் கருவியான கூல்டர் கவுண்டரில் எண்ணிக்கையும் அளவும் பார்க்க வேண்டும். குப்பிக்குக் குப்பி எண்ணிக்கை மாறும். ஒரே ஒரு முறை எண்ணிவிட்டு மாதம் முழுக்க அதையே எழுதும் பழக்கம் ஆய்வையே கெடுக்கும்.

எலியில் ஸ்கேன் செய்யும் படிகள் என்ன?

எலியை ஐசோஃபுளூரேனில் மயக்கி, சூடான மேடையில் வைத்து, வால் சிரையில் 27 கேஜ் கதீட்டர் போடவும். மயக்கவாயுவைச் சுமக்கத் தூய ஆக்சிஜனைவிட மருத்துவக் காற்று நல்லது. ஆக்சிஜன் மட்டும் சுவாசிக்கும் எலியின் ரத்தத்தில் குமிழிகள் சீக்கிரம் மறையும். ஒரு குழு ஆக்சிஜனிலும் இன்னொரு குழு காற்றிலும் செய்தால் முடிவுகளை ஒப்பிடவே முடியாது.

புரோபை நிலையாகப் பொருத்தி, கட்டியின் ஒரே வெட்டுத் தளம் மாறாமல் இருக்கும்படி பூட்டவும். ஒரு ஊசிக்கு ஏறத்தாழ 5 கோடி குமிழிகள், 100 மைக்ரோலிட்டருக்குள். மெதுவாகச் செலுத்தி, உப்புநீரால் தள்ளவும். அதன்பின் ஒலியை நிறுத்திவிட்டு 4 முதல் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் ‘ஒட்டுகிறதா பார்ப்போம்’ என்று அடிக்கடி ஸ்கேன் செய்தால், ஒட்டியவற்றையே கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக்கொண்டிருப்பீர்கள்.

காத்திருந்தபின் குறைந்த ஒலியழுத்தத்தில் சில நொடிகள் பதிவு செய்யவும். இதில் ஒட்டிய குமிழி, இன்னும் ஓடும் குமிழி, திசுவின் மிச்ச எதிரொலி மூன்றும் சேர்ந்திருக்கும். உடனே அதிக அழுத்தத்தில் சுமார் ஒரு நொடி அடித்து, அந்தத் தளத்தில் உள்ள எல்லாக் குமிழியையும் உடைக்கவும். பத்து நொடி பொறுத்தால் ஓடும் குமிழிகள் மட்டும் மீண்டும் நிரம்பும். மறுபடி பதிவு செய்யவும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மிஞ்சுவது ஒட்டியவற்றின் சிக்னல்.

கழித்தலைத் திரையில் தெரியும் சாம்பல் படத்தில் செய்யாதீர்கள். அது மடக்கை அளவுகோலில் நசுக்கப்பட்ட படம். அதில் கழித்தால் வருவது விகிதம், வித்தியாசம் அல்ல. நேர்கோட்டுத் தரவாக மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். மூச்சால் அசைந்த படங்களை அதற்கு முன்பே நீக்கிவிடவும்.

ஒலியழுத்தம் எவ்வளவு வைக்க வேண்டும்?

கருவியில் எம்ஐ (மெக்கானிக்கல் இன்டெக்ஸ்) என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். ஒலியின் உச்ச எதிர்மறை அழுத்தத்தை மெகாபாஸ்கலில் எடுத்து, மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது அது. 4 மெகாஹெர்ட்ஸில் 0.2 மெகாபாஸ்கல் என்றால் எம்ஐ 0.1. படம் பிடிக்க இந்த அளவு சரி, 0.2-ஐத் தாண்ட வேண்டாம். அதே அதிர்வெண்ணில் 2 மெகாபாஸ்கல் என்றால் 1.0, இது உடைப்பதற்கு. நோயறியும் கருவிகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வைத்த மேல்வரம்பு 1.9, கண்ணுக்கு 0.23.

திரையில் காட்டும் எம்ஐ ஒரு மதிப்பீடு மட்டுமே. ஒலிக்கற்றை குவியும் இடத்தில் உண்மை அழுத்தம் கூடவும், ஆழத்தில் குறையவும் செய்யும். உடைப்புத் துடிப்பு கட்டியின் அடிப்பகுதிவரை எட்டவில்லை என்றால் அங்கே கழித்தல் பொய்யாகும். உடைத்த உடனே வரும் முதல் படத்தில் எங்கும் பிரகாசம் மிஞ்சவில்லை என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளவும்.

சிக்னலே வரவில்லை. எங்கே தேடுவது?

முதலில் ஊசிக்குழலைப் பாருங்கள். குமிழி மிதப்பதால், மேசையில் இரண்டு நிமிடம் கிடந்த குழலில் மேலே கெட்டியாகவும் கீழே வெறும் நீராகவும் பிரிந்திருக்கும். செலுத்துவதற்குச் சற்று முன் மென்மையாகப் புரட்ட வேண்டும். வேகமாகக் குலுக்கக் கூடாது. அடுத்து குப்பியிலிருந்து உறிஞ்சிய விதம். மூடிய குப்பியில் காற்றோட்ட ஊசி குத்தாமல் இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து குமிழிகள் வீங்கி உடையும். மெல்லிய ஊசியில் வேகமாகத் தள்ளினாலும் அதே கதி.

இவை சரியாக இருந்தால், ஊசி போட்டவுடன் கட்டிக்குள் குமிழி ஓடியதா என்று முதல் நிமிடப் பதிவில் பாருங்கள். பெரிய கட்டிகளின் நடுப்பகுதி செத்திருக்கும். அங்கே ரத்தமே போகாது. ரத்தம் போகாத இடத்தில் ‘ஏற்பி இல்லை’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. பெருந்தமனி போன்ற வேகமான ஓட்டத்தில் ஆண்டிபாடிக்குப் பிடிக்க நேரம் போதாது. செலக்டினோடு சட்டென்று இணையும் சர்க்கரை அமைப்புகளைக் கூடவே பொருத்துவது அதற்கு ஒரு தீர்வு.

எல்லா இடமும் பளபளக்கிறது என்றால் சிக்கல் எதிர்த்திசையில்: காத்திருந்தது போதவில்லை, கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகமாகிப் படம் வெளுத்துவிட்டது, அல்லது பெரிய குமிழிகள் தந்துகிகளில் வெறுமனே சிக்கிக்கொண்டன. மூன்றாவதற்கு அளவு வரைபடம்தான் சாட்சி.

கட்டுப்பாட்டுச் சோதனை எத்தனை தேவை?

குறைந்தது இரண்டு. அதே எலியில், எதையும் குறிவைக்காத ஐசோடைப் ஆண்டிபாடி பொருத்திய குமிழி ஒன்று. முதல் குமிழி முழுவதும் நீங்க 20, 30 நிமிடம் இடைவெளி விட்டு, எதை முதலில் போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். இன்னொன்று தடுப்புச் சோதனை: தனி ஆண்டிபாடியை முன்பே நிறையச் செலுத்தி ஏற்பிகளை நிரப்பிவிட்டால், குறிவைத்த குமிழியின் சிக்னல் சரிய வேண்டும். பிறகு அதே கட்டியை வெட்டி, தேடிய புரதத்தைக் காட்டும் நோயெதிர்ப்புச் சாயம் போட்டு ஒப்பிட வேண்டும். ஸ்கேன் செய்த தளத்தில் வெட்டாவிட்டால் அந்த ஒப்பீடு வெறும் அலங்காரம்.

மனிதர்களில் செய்திருக்கிறார்களா?

ஆம், பிஆர்55 கொண்டு. புராஸ்டேட் புற்றுநோயாளிகளில் முதல் ஆய்வு 2017-இல் வெளியானது. அதே ஆண்டு வில்மன் குழு, சினைப்பைக் கட்டியுள்ள 24 பெண்களிலும் மார்பகக் கட்டியுள்ள 21 பெண்களிலும் செய்த முடிவுகளை வெளியிட்டது. உடல் எடையில் கிலோவுக்கு 0.03 முதல் 0.08 மில்லிலிட்டர் செலுத்தி, 5-ஆம் நிமிடத்திலிருந்து 29-ஆம் நிமிடம்வரை பார்த்தார்கள். எல்லோரும் மருந்தைத் தாங்கிக்கொண்டனர். மார்பகப் புற்றுகளில் 93 சதவீதத்தில் வலுவான சிக்னல். சினைப்பைப் புற்றுகளில் 77 சதவீதம்.

மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். புற்றல்லாத மார்பகக் கட்டிகளில் 67 சதவீதத்தில்தான் சிக்னல் இல்லாமல் இருந்தது. அதாவது மூன்றில் ஒன்று ஒளிர்ந்தது. கேடிஆர் புற்றுக்கு மட்டும் சொந்தமல்ல. ரத்தக்குழாய் முளைக்கும் எந்த இடத்திலும் இருக்கும். ஊசிப் பரிசோதனையை எங்கே குத்துவது என்று வழிகாட்ட இது உதவலாம். பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை.

மருத்துவரிடம் கேட்டு இந்த ஸ்கேனை எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியாது. குறிவைக்கும் நுண்குமிழி எதுவும் வழக்கமான சிகிச்சைப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆய்வில் சேர்ந்தால் மட்டுமே. ‘மூலக்கூறு ஸ்கேன்’ என்று சொல்லி யாராவது எடுத்துத் தருவதாகச் சொன்னால், அது பெரும்பாலும் கதிரியக்க மருந்து ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனாக இருக்கும். எந்த மருந்து ஏற்றுகிறார்கள் என்று கேளுங்கள்.

குமிழி ஏற்றுவது ஆபத்தில்லையா?

வாயு நுரையீரல் வழியாக வெளியேறும். சோனோவியூவில் உள்ள வாயுவில் 80 சதவீதத்துக்கு மேல் 2 நிமிடத்தில், ஏறத்தாழ முழுவதும் 15 நிமிடத்தில் மூச்சில் போய்விடும். சிறுநீரகத்துக்கு வேலையில்லை என்பதால் கிரியேட்டினின் கூடியவர்களுக்கும் கொடுக்க முடிகிறது. சாதாரண ஊசிகளில் பயப்படும் காற்றுக் குமிழியோடு இதைக் குழப்ப வேண்டாம். ஒரு முறைக்குச் செலுத்தும் மொத்த வாயு மிகச் சிறிது.

உண்மையான ஆபத்து ஒவ்வாமை. அரிதுதான், ஆனால் வந்தால் வேகமாக வரும். எஃப்டிஏ 2007-இல் கடும் எச்சரிக்கை வைத்து, 2008-இல் அதைத் தளர்த்தியது. தீவிர விளைவுகளில் பெரும்பாலானவை முதல் 30 நிமிடத்துக்குள் வருவதால் அந்த நேரத்தில் முதலுதவி மருந்தும் ஆளும் அருகில் இருக்க வேண்டும். லிப்பிடுத் தோல் குமிழிகள் பலவற்றில் பெக் எனப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால் உண்டு. 2021-இல் பெக் ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. குடல் சுத்தம் செய்யும் சில பொடிகளும் பெக்தான். அவற்றால் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். குறிவைக்கும் பெப்டைடுக்கு எதிராக உடல் ஆண்டிபாடி உருவாக்குமா என்பது தனிக் கேள்வி. திரும்பத் திரும்பக் கொடுக்கும் திட்டங்களில் அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

பெட் ஸ்கேன் இருக்கும்போது இது எதற்கு?

முழு உடலையும் ஒரே முறையில் தேட வேண்டுமானால் பெட்தான். அதில் போட்டியே இல்லை. எலும்பு, நுரையீரலுக்குப் பின்னால் ஒலி போகாது என்பதும் தீராத குறை. ஆனால் இடம் தெரிந்த ஒரு கட்டியை, கதிர்வீச்சு இல்லாமல், படுக்கையருகிலேயே, வாரம் ஒருமுறைகூடப் பார்க்கலாம். ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து வேலை செய்கிறதா என்று கட்டி சுருங்கும் முன்பே அறிவதுதான் இதன் இயல்பான இடம் என்பது எங்கள் கணிப்பு.

ரத்தக்குழாய்க்கு வெளியே போகும் வழி உண்டா?

இரண்டு முயற்சிகள் கவனிக்கத்தக்கவை. பெர்ஃபுளோரோகார்பன் திரவத்தை 200, 300 நானோமீட்டர் துளிகளாக்கி, கசியும் கட்டிக் குழாய்கள் வழியே வெளியேறவிட்டு, அங்கே ஒலியால் குமிழியாக்குவது ஒன்று. துளியை ஆவியாக்கத் தேவையான அழுத்தம் அதிகமாக இருப்பது இதன் தலைவலி.

மற்றொன்று வாயுப்பைகள். சில சயனோபாக்டீரியாக்களும் உப்புநீர் நுண்ணுயிர்களும் மிதப்பதற்காகச் செய்துகொள்ளும், ஏறத்தாழ 2 நானோமீட்டர் தடிமனுள்ள புரத உறைகள் இவை. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஷபீரோ குழு 2014-இல் இவை அல்ட்ராசவுண்டில் தெரிவதைக் காட்டியது. பிறகு அவற்றை உருவாக்கும் மரபணுக்களை 2018-இல் குடல் பாக்டீரியாவுக்குள்ளும், 2019-இல் பாலூட்டிச் செல்லுக்குள்ளும் இயங்க வைத்தது. இங்கே வெளியிலிருந்து எதுவும் போய் ஒட்ட வேண்டியதில்லை. மரபணு இயங்கினால் செல்லே வாயுப்பையைக் கட்டிக்கொள்ளும். மனித சிகிச்சைக்கு இது வெகுதூரம். எலிக்குள் விட்ட பாக்டீரியா எங்கே போய்த் தங்குகிறது என்று பார்க்க விரும்பும் ஆய்வகத்துக்கு இப்போதே கையில் உள்ள கருவி.